மஞ்சள் பூசிய புத்தகப் பெட்டி

நூலகத்தைக் கோயில் என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் ஊர் நூலகம் வேர்க்கடலை மூட்டை போட்டு வைத்திருந்த கிடங்கு. மூட்டையை எடுத்துவிட்டு அலமாரி வைத்தார்கள். எலிகளுக்கு யாரும் சொல்லவில்லை போல, அவை வந்துகொண்டேதான் இருந்தன. எந்தப் புத்தகத்தைத் தட்டினாலும் கடலைத் தோல் பறக்கும். அந்த இடத்தை ஒரு வாரம் நிஜமாகவே கோயிலாக்கிவிட்டார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். அதனால்தான் தமிழ்ப் புத்தகங்கள் ஊரில் தங்கின. வேறு யாரும் அதற்குப் பெருமை கொண்டாட வேண்டாம்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. சண்டையைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம். வாக்கியத்தின் நடுவில் பாஷை மாறுவது எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளியூர்க்காரர்கள் சிரித்தால்தான் தெரியும்.

எட்டாவதோடு நைனா என் படிப்பை நிறுத்தினார். "கலெக்டர் வேலைக்கா போவப் போற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதுகில் ஒன்று வைத்தார். பிறகு உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் வீட்டில் படிக்க இருந்தது ஒரே ஒரு பஞ்சாங்கம், அதுவும் போன வருஷத்தது. அதனால் நூலகத்துக்குப் போனேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் பாம்பைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது, அவர்களுக்கு.

ஆந்திரா பிரிந்த பிறகும் நாங்கள் மெட்ராஸோடுதான் இருந்தோம். எந்த ஊர் யாருக்கு என்று வருஷக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் திருத்தணி மெட்ராஸுக்கு, நாங்கள் ஆந்திராவுக்கு என்று முடிந்தது. என் அக்காவைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம். அக்கா வழக்கம்போல் வந்தாள், வழக்கம்போல் என் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த விஷயத்தில் எந்தத் தீர்ப்பும் எனக்கு உதவவில்லை.

மாறியது நூலகம்தான். பழைய நூலகர் அந்தப் பக்கம் போய்விட்டார். சித்தூர் ஜில்லாவிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். காணிப்பாக்கத்துக்காரர். அந்த ஊர்ப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். அதனால் இவரும் பொய் சொல்ல மாட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தெலுங்கில் வாத்தியாரைச் சொல்வதுபோல் 'அய்யவாரு' என்று கூப்பிட்டோம். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், பேனாவில் மை இருக்காது. யார் சத்தம் போட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, என்ன கேட்டார்கள் என்று அப்புறம் யோசிப்பார். அவ்வளவு பயம். ஆனால் நல்ல மனுஷன். தமிழில் ஒரு எழுத்து அவருக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது எது என்று மட்டும் தெரியும். தடிமனாக இருந்தால் எடுத்து வைத்திருப்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ஒரு நாள் நான் போனபோது தமிழ் அலமாரி காலி. புத்தகங்களெல்லாம் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் இருந்தன. அய்யவாரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா இது?"

"தெலுங்குப் புத்தகம் வருதும்மா. வைக்க இடம் இல்ல. இதை சித்தூருக்கு அனுப்பணும்னு ஆர்டர். அங்கேர்ந்து அந்தப் பக்கம் போயிடுமாம். இனிமே இங்கே தமிழ் யாரு படிக்கப் போறாங்கன்னு அதிகாரி கேக்கறாரு."

"நான் படிக்கறேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில இன்னா, கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க?"

அவர் கயிற்றைப் பார்த்தார். "அதிகாரி வாரோத்சவம் முடியற அன்னைக்கு வராரும்மா. அன்னைக்குத்தான் ஏத்தணும். நான் முன்னாடியே கட்டி வச்சிட்டேன்."

முன்னாடியே! அவ்வளவு கீழ்ப்படிதல். முடிந்திருந்தால் பெட்டிக்குள் அவரையும் வைத்துக் கட்டியிருப்பேன். வீட்டுக்கு வந்து சோறு துன்னாமல் உட்கார்ந்திருந்தேன். "புக்கு போனா இன்னா, நீதான் இருக்கியே, ஊருக்கே படிச்சுக் காட்ட" என்றார் என் வீட்டுக்காரர். வேடிக்கைக்குச் சொன்னதுதான். எனக்கு அந்தப் பெட்டிதான் போகாமல் இருந்த கலெக்டர் வேலை, பார்க்காத ஊர், எல்லாம். அதை அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

வாரோத்சவம் என்பது நூலக வாரம். ஆந்திரா பக்கத்தில் வருஷா வருஷம் கொண்டாடுவார்களாம். எங்களுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் ஊர் மொத்தமும் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்கள் கேட்க வேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் மேடை போட்டுப் பந்தல் கட்டிப் பேசுவார்கள் என்றார் அய்யவாரு. எங்களுக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு சரஸ்வதி படமும், முதல் நாள் புத்தகங்களை வண்டியில் வைத்து ஊர்வலம் விட வேண்டும் என்ற உத்தரவும்தான்.

ஊரில் நல்ல வண்டி ஒன்று. வண்டிக்காரர் தெலுங்குக்காரர், ஊரில் யாரிடமும் அதிகம் பேச மாட்டார். பேச்சு முழுவதையும் அவர் பெண்சாதி எடுத்துக்கொண்டாள். அவள் தெருமுனையில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் அடுத்த ஊர் மாடும் திரும்பிப் பார்க்கும். அந்த வண்டியில் படத்தைத் தட்டையாக வைத்தால் கீழே நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. உயரமாக ஏதாவது வேண்டும். அய்யவாரு சுற்றிப் பார்த்தார். கட்டி வைத்த பெட்டி இருந்தது. அதைத் தூக்கி வண்டியில் வைத்து, மேலே சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் படத்தை நிறுத்தி, சுற்றிலும் தெலுங்குப் புத்தகங்களை அடுக்கினார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் ஊருக்குத் தெரிந்த ஊர்வலம் ஒன்றுதான். சாமி வருகிற ஊர்வலம். வண்டி தெருவில் திரும்பும்போதே பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் தயாராக நின்றார்கள். ஆரத்தி எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். படம் எட்டவில்லை, அதனால் எட்டிய இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எட்டியது பெட்டிதான். வேண்டாம் வேண்டாம் என்று அய்யவாரு வண்டியின் பின்னால் ஓடினார். சாமிக்குப் போடுவதை யார் நிறுத்துவது? சாயங்காலம் பெட்டி நூலகத்துக்குத் திரும்பி வந்தபோது நான்கு பக்கமும் மஞ்சள். மறுநாளிலிருந்து அதற்கு முன்னால் யாரோ விளக்கும் ஏற்றினார்கள்.

பெண்களுக்குச் சாயங்காலம் படித்துக் காட்ட ஒரு பெண் வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. ஊரில் படிக்கத் தெரிந்த பெண் நான்தான். அய்யவாரு ஒரு தெலுங்குக் கதைப் புத்தகத்தை நீட்டினார்.

"எனக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும். எழுத்து தெரியாது."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஆள் இல்லை என்று அதிகாரிக்கு எப்படிச் சொல்வது என்ற கவலை. நான் பெட்டியின் கயிற்றைத் தளர்த்திக் கையை விட்டு, அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தை இழுத்தேன். இரண்டு மூன்று தடவை படித்த கதை. "இதைப் பார்த்து வாயால தெலுங்குல சொல்றேன். சரியா?"

வழக்கம்போல் முதலில் சரி என்றார்.

கதை இதுதான். ஒரு வீட்டில் காசுமாலை காணாமல் போகிறது. மருமகள் எடுத்துவிட்டாள் என்கிறாள் மாமியார். மருமகள் பதில் பேசாமல், அம்மா வீட்டில் கொடுத்த கன்றுக்குட்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வெளியே போகிறாள். அவள் எங்கே போனாள், மாலை எங்கே போயிற்று என்பதை ஒருவர் அந்தத் தடிக்கு எழுதியிருந்தார்.

முதல் நாள் பத்துப் பக்கம் தாண்டவில்லை. வண்டிக்காரர் பெண்சாதி முதல் வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள்: "நெல்லுக் குதிருக்குள்ள தேடினாங்களா?"

எனக்குத் திக்கென்றது. மாலை குதிரில்தான் கிடக்கிறது. அதைச் சொல்ல எழுதினவருக்கு முந்நூறு பக்கம் தேவைப்பட்டது.

"கதையைக் கேளு. குறுக்க பேசாத."

"பேசாமப் போனா பாரு மருமவ, அவளுக்குத்தான் புத்தி இல்ல. நானா இருந்தா குதிரைக் கவுத்துக் கொட்டிட்டுப் போயிருப்பேன்."

"நீ போயிருந்தா உன் மாமியா மேளம் வச்சு அனுப்பியிருப்பா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எந்தப் பக்கத்தை எந்தப் பாஷையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தமிழ் வீட்டுப் பெண் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் தமிழ். தெலுங்கு வீட்டுக் கிழவி காதில் கை வைத்தால் தெலுங்கு. கண் ஒன்றைப் படிக்கும், வாய் இன்னொன்றைச் சொல்லும். சேரிப் பெண்கள் படிக்குக் கீழே நின்று கேட்டார்கள். உள்ளே வரச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை, என்னையும் சேர்த்து. மூன்றாம் நாள் மழை கொட்டியது. மருமகள் சத்திரத்து வாசலில் கன்றோடு நனைந்துகொண்டு நிற்கிற இடம். படிக்க முடியவில்லை, எனக்கு முன்னால் நிஜமாகவே சிலர் நனைந்துகொண்டு நின்றார்கள். "உள்ள வாங்கடி, எனக்குக் கத்த முடியாது" என்றேன். வந்தார்கள். இரண்டு பேர் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மறுநாள் அந்த இரண்டு பேரும் மற்றவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள், கன்றுக்குட்டிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள.

கன்றுக்குட்டிதான் அவர்களுக்கு முக்கியம். மருமகள் ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்கிறாள், ஒரு வக்கீல் வருகிறார், கோர்ட்டு வருகிறது. கன்று வரவில்லை. "தூட எங்கே?" என்று தினமும் கேட்டார்கள். தூட என்றால் கன்று. "வரும் வரும்" என்றேன். வரும் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தனை தடவை படித்தும் அதை நான் கவனித்ததில்லை.

கடைசி நாள் அதிகாரி வந்தார். ஜீப் வரதய்யபாளையம் ரோட்டிலேயே நின்றுவிட்டது, ஊருக்குள் வர வழி முழுவதும் சேறு. வேட்டியை மடித்துக் கட்டி நடந்தே வந்தார். திருமலையில் மொட்டை போட்டுவிட்டு நேராக வருகிறார். தலையில் சந்தனம், கையில் லட்டுப் பிரசாதம். பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். அதிகாரி என்பதற்காக இல்லை, மலையிலிருந்து வருகிறவர் என்பதற்காக. ஆளுக்கு ஒரு துளி லட்டு கிள்ளிக் கொடுத்தார். பிறகு என்னைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் இருந்ததால் எல்லாவற்றையும் தெலுங்கிலேயே சொன்னேன். மருமகள் கோர்ட்டில் நிற்கிறாள். மாமியார் சாட்சி சொல்ல வருகிறாள். பெண்கள் அன்றைக்கும் "தூட எங்கே?" என்றார்கள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பேஷ்! என்ன சரளமான தெலுங்கு! யார் எழுதினதும்மா?" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். அய்யவாரு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இது அரவம்!" என்றார். தெலுங்குக்காரர்கள் தமிழை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாம்."

"அரவப் புக்கா அது?" என்றாள் வண்டிக்காரர் பெண்சாதி என்னைப் பார்த்து. ஒரு வாரமாகத் தெலுங்குப் புத்தகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "எதுவா இருந்தா என்ன சாமி. எனக்கு எல்லா எழுத்தும் எறும்புதான். அவளுக்குக் குடுங்க, அந்தக் கெழவி கோர்ட்டுல பொய் சொல்றாளா இல்லையான்னு பாக்கணும்."

அதிகாரி கெட்டவர் இல்லை. அவசரம் அவருக்கு. இருட்டுவதற்குள் ஜீப்புக்குப் போக வேண்டும், புத்தகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போக வேண்டும். "முடிவை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடும்மா. எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டால் கதை முடிந்தது, பெட்டியும் போயிற்று. நாக்கு நுனியில் நிற்கிறது குதிர். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் வாயை மூடிச் சாதித்த காரியம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதை நம்பவில்லை.

"சரி, பெட்டியை வண்டியில் ஏற்றுங்கள்" என்றார் அதிகாரி.

யாரும் அசையவில்லை. வாசலில் நின்ற வண்டிக்காரர் தன் பெண்சாதியைப் பார்த்தார். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"மாடு நொண்டுது" என்றாள்.

"அதெப்படி? இந்த மாடுதானே ஊர்வலம் போயிற்று என்றார்கள்?"

"அது சாமி காரியம். அதுக்கு நொண்டாது."

அதிகாரி அய்யவாரைப் பார்த்தார். "நிஜமா?"

காணிப்பாக்கத்துக்காரர் ஆயிற்றே. ஊர் முழுவதும் அவர் வாயையே பார்த்தது. "மாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது சார். நான் புத்தகம்தான் பாக்கறேன்" என்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று. பொய்யும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அதிகாரி தாமே மூலைக்குப் போனார். அங்கே பெட்டி இருந்தது. மஞ்சள், குங்குமம், காய்ந்த சாமந்தி, எரிகிற விளக்கு, கற்பூரக் கரி. குனிந்து கயிற்றைத் தொட்டார். தொட்ட கை அவரைக் கேட்காமலே கண்ணுக்குப் போயிற்று. கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. எங்களுக்கும்.

"ஊரைச் சுத்தி வந்த சாமி சார்" என்றாள் மழை நாளில் எழுந்து போய்த் திரும்பி வந்த இரண்டு பேரில் ஒருத்தி. "தேங்கா உடைச்சிருக்கோம். வெளிய அனுப்பினா ஊருக்கு ஆவாது."

"இது சாமி இல்லம்மா. புத்தகப் பெட்டி."

"அப்ப கண்ணுல எதுக்கு ஒத்திக்கினீங்க?"

மலையிறங்கின சந்தனம் காயவில்லை. அந்தத் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். வெளியே வந்து செருப்பைத் தேடினார். அய்யவாரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கையில் மீதியிருந்த லட்டை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"இன்னா சொன்னாரு?" என்று அய்யவாரைப் பிடித்துக்கொண்டேன்.

"அலமாரி அனுப்பறேன்னாரு."

அனுப்பினார். கதவு சரியாக மூடாத பழைய அலமாரிதான், ஆனாலும் சித்தூரிலிருந்து வந்தது. பெட்டியைப் பிரித்தால் ஓரத்துப் புத்தகங்களிலெல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. அய்யவாரு ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, "புத்தகத்துக்கு மஞ்சள் போடலாமா?" என்று பெண்களைத் திட்டினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். "அந்த மஞ்சள்தான் உங்க வேலையைச் செஞ்சுது" என்றேன். துடைப்பதை நிறுத்தவில்லை அவர், ஆனால் சிரித்துவிட்டார்.

கதையை வெள்ளிக்கிழமைகளில் படித்து முடித்தேன். மாலை குதிரில் கிடைத்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வண்டிக்காரர் பெண்சாதி ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கன்று வரவே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதினவர் சத்திரத்து வாசலிலேயே அதை விட்டுவிட்டார். பெண்கள் என்னைத் திட்டினார்கள், நான்தான் ஏதோ பக்கத்தை விட்டுவிட்டேன் என்று. அவர்களில் யாரும் கன்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. ஒரு வருஷம் அந்தப் பேச்சு ஓயவில்லை.

அடுத்த வாரோத்சவத்துக்கும் அதே அதிகாரி வந்தார். தலையில் முடி வளர்ந்திருந்தது. தமிழ் அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தித் தெலுங்கில் கேட்டார்: "அம்மா, அந்தக் கிழவி கோர்ட்டில் உண்மையைச் சொன்னாளா?"

"சொன்னா."

"கன்று?"

அவருக்கும் அதே வியாதி. "அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்று நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து பத்துக் குரல் எழுந்தது. வண்டிக்காரர் பெண்சாதி அவருக்கு ஒரு பாயை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சாமி. நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. மாடு வளத்தவன் எவனாவது கன்னுக்குட்டியை மறப்பானா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.